ஓட்டமாவடிப் பாலமும் ஐந்தரை அடியும்

மட்டக்களப்பு
17.08.2025

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்து ஒன்றரை மாதமாகிவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, கண். இடது கண்ணில் வெண்புரை எடுத்தார்கள். ஒப்பரேசன் அரை மணித்தியாலம்கூட இல்லை. அதற்குப் பிறகு குனியாதே, தூக்காதே, தலையில் தண்ணீர் ஊற்றாதே என்று மனுசி போட்ட சட்டம்தான் ஒரு மாதம். சோல்டரிங் அயனை ஒளித்தே வைத்துவிட்டாள். குசினியில் அரிசி வாளிக்குள் இருந்ததைக் கண்டேன். காணாதவன் மாதிரி மூடிவைத்துவிட்டு வந்தேன்.

நீ லண்டன் போய்வந்த கதையை மூன்று தரம் வாசித்தேன். இங்கே யாரிடமாவது "என் கூட்டாளி லண்டனுக்குப் போய் எங்கள் ரயில் எஞ்சின் செய்த பக்டரியைப் பார்த்துவிட்டு வந்தான்" என்று சொன்னால் இங்கிலாந்து என்றுதான் நினைக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவிலும் ஒரு லண்டன் இருக்கிறது என்று விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. 2012இல் மூடிய இடம். கேற்றுக்கு வெளியே நின்று பார்ப்பதற்கா இரண்டு மணித்தியாலம் கார் ஓடினீர்கள் என்று உன் மகள் கேட்டதில் பிழையில்லை. ஆனால் எனக்கு அது போதும். 1954இல் கொழும்புத் திட்டத்தில் கனடா தந்த ஜி12 டீசல் எஞ்சின்கள் அங்கே செய்தவைதான். 569 ஒன்டாரியோ, 570 அல்பேர்ட்டா. வாழைச்சேனைப் பிளாட்போமில் நின்று அந்தப் பெயர்களை எழுத்துக்கூட்டினோமே, ஞாபகமா? அல்பேர்ட் துரையின் பெண்சாதியாக்கும் என்று நீதான் சொன்னாய். கடைசியில் நாங்கள் எழுத்துக்கூட்டிய மாகாணத்திலேயே குடியேறி வரி கட்டிக்கொண்டிருக்கிறாய்.

வீட்டில் நான் செய்கிற சின்ன மாதிரி ரயில் பாதை, என்னுடைய கோச்சிப் பாதை, எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். சொல்லத் தொடங்கினால் ஒப்பாரி மாதிரித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ 2016இல் வந்தபோது பார்த்தது 14 அடி நீளம், 2 அடி அகலம், முழுதும் பிளைவுட். ஒரு முனையில் வாழைச்சேனை, மறு முனையில் மட்டக்களப்பு, நடுவில் ஏறாவூர். உண்மையான தூரம் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். என் மாதிரி உண்மையில் 76இல் ஒரு பங்கு. 76ஆல் பிரித்தாலும் 400 மீற்றருக்குக் கிட்ட வரும். அதை 14 அடிக்குள் மடக்கியதுதான் என் முதல் பேராசை. அதற்குத் தண்டனை கறையான் உருவத்தில் வந்தது. சுவரோடு ஒட்டி வைத்திருந்தேனே, அந்தச் சுவருக்குள்ளால் ஏறி, கால்வழியே பலகைக்குள் புகுந்திருக்கிறது. வெளியில் ஒரு அடையாளமும் இல்லை. மேலே பூசிய பெயின்ற் அப்படியே, புல்லும் அப்படியே. ஒருநாள் பேரனுக்காக எஞ்சினை ஓடவிட்டேன். ஏறாவூர் ஸ்டேசனுக்குள் நுழைந்த எஞ்சின் மறுபக்கத்தால் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால் பிளாட்போம், சிக்னல், எஞ்சின் எல்லாம் ஒரு சாண் பள்ளத்துக்குள் கிடக்கின்றன. விரலை வைத்தேன், அப்பளம் மாதிரி உடைந்தது. பேரன் கைதட்டினான். அவனுக்கு அதுதான் அன்றைய காட்சி.

இப்போது எல்லாம் கோண இரும்புக் கால். ஒவ்வொரு காலும் கழிவொயில் ஊற்றிய பால்மா ரின்னுக்குள் நிற்கிறது. அறைக்குள் வருகிறவர்கள் முதலில் கராஜ் வாசம் என்கிறார்கள், பிறகுதான் கோச்சியைப் பார்க்கிறார்கள்.

மற்றது மண். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தண்டவாளத்துக்கு இடையில் போடும் கல்லுக்குப் பதிலாகக் கல்லடிக் கடற்கரை மண்ணை அரித்துப் போட்டேன். பார்க்க அச்சாவாக இருந்தது. நாற்பது வருசம் ரேடியோ திருத்திய எனக்கு உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது தெரியாதா? தெரியும். கடற்கரைப் பக்க வீடுகளிலிருந்து வந்த செற்றுகளைத் திறந்து, பச்சை பூத்துக் கிடந்த செம்பை எத்தனை தரம் சுரண்டியிருப்பேன். ஆனாலும் கை சும்மா இருக்குமா? ஒரு மாரி காலம் போதும், இணைப்புகளெல்லாம் பச்சை பிடித்து, கறண்ட் ஒரு இடத்தில் வரும், அடுத்த இடத்தில் வராது. கல் உடைக்கும் இடத்தில் வாங்கிய கருங்கல் தூளை நாலு தரம் கழுவிக் காயவைத்துத்தான் இப்போது போடுகிறேன்.

2022 பொருளாதார நெருக்கடியைப் பற்றி உனக்கு எழுதத் தேவையில்லை, நீயே காசும் மருந்தும் அனுப்பினாய். டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போன வருசத்தில், இங்கிலாந்திலிருந்து தண்டவாளக் கம்பி எடுப்பிக்கிறேன் என்று யாரிடம் வாய்திறப்பது? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லை. என் கோச்சிக்கு வேண்டியது 12 வோல்ற்றுதானே, மோட்டார் சைக்கிள் பற்றரியில் ஓட்டினேன். பெற்றோல் இல்லாமல் சைக்கிள் சும்மாதானே நின்றது. இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போன் சார்ஜ் ஏற்றலாமா என்று வந்தார்கள். மறுகா ஒழுங்கை முழுக்க வந்தது. கோச்சி ஓட்டப் பற்றரியில் மிச்சமில்லை. ஆனால் அந்த இரண்டு மூன்று மாதத்தில் கதைத்த மாதிரி அயலவர்களோடு நான் முன்னும் கதைத்ததில்லை, பின்னும் கதைக்கவில்லை.

சரி, அழுகை போதும். கடைசியாக நீ கேட்ட அந்தக் கேள்விக்கு வருகிறேன். கடையில் எல்லாம் செய்து விற்கிறானே, பெட்டியோடு வாங்கி ஓட்டாமல் ஏன் உயிரை விடுகிறாய் என்று கேட்டிருந்தாய்.

மச்சான், கடையில் விற்பவை 16.5 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்துக்கு. ஹோர்ன்பி போன்ற இங்கிலாந்துக் கம்பனிகள் எஞ்சினை 1க்கு 76 அளவில் செய்கின்றன. அந்தக் கணக்கில் 16.5 என்பது நாலு அடிக்குச் சற்றுத்தான் மேலே. அவர்களுடைய உண்மையான பாதை நாலு அடி எட்டரை அங்குலம். அவர்களுக்கே அது ஒடுக்கம்தான், பழகிவிட்டார்கள். எங்கள் பாதை ஐந்தரை அடி, 1676 மில்லிமீற்றர். 76ஆல் பிரித்தால் 22. எங்கள் எஞ்சினைக் கடைத் தண்டவாளத்தில் ஏற்றினால், வளர்ந்த மனிசன் சின்னப்பிள்ளையின் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். ஒருவருக்கும் தெரியாது என்று நீ சொல்வாய். எனக்குத் தெரியுமே.

அளவை 1க்கு 102 ஆகக் குறைத்தால் கடைத் தண்டவாளமே பொருந்தும். அதையும் யோசித்தேன். ஆனால் நீ கொண்டுவந்து தந்த அந்த லேலண்ட் பஸ் 1க்கு 76. சிவப்புப் பூசி, பக்கத்தில் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) என்று ஒற்றை மயிர்த் தூரிகையால் எழுதி வைத்திருக்கிறேன். பஸ்ஸுக்காகப் பாதையை அகலமாக்கியவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

22 மில்லிமீற்றர் என்று முடிவெடுத்தால் எல்லாமே கைவேலை. சிலிப்பர் கட்டை எல்லாம் செம்பு ஒட்டிய சர்க்கிட் போர்ட்டை ஒடுக்கமாக வெட்டியது. அதன்மேல் கம்பியை வைத்து ஈயம் பிடிக்க வேண்டும். இரண்டு கம்பியும் ஷோர்ட் ஆகாமல் ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் செம்பைச் சுரண்டிவிட வேண்டும். ஒரு கட்டையில் மறந்தாலும் போச்சு, முழுப் பாதையும் செத்துவிடும். எந்தக் கட்டை என்று தேடுவதற்குள் பொழுது விடிந்துவிடும். சில்லுகளின் அச்சை நடுவில் வெட்டி, பித்தளைக் குழாய்க்குள் இரண்டு துண்டையும் செருகி நீளமாக்குகிறேன். அந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறாய்? பழைய ரேடியோ ஏரியல். ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற ஐந்தாறு அளவுக் குழாய், சும்மா கிடைக்கிறது. என் கடையை மூடியபோது ஒரு சாக்கு நிறைய ஏரியல் இருந்தது. மனுசி பழைய இரும்புக்காரனிடம் கொடுக்கப் பார்த்தாள், நான் குறுக்கே படுக்காத குறை.

மோட்டார் கசெற் றெக்கோடருக்குள்ளிருந்து எடுத்தது. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாட்டு இழுபடாமல் இருப்பதற்காக வேகத்தை ஒரே அளவில் பிடித்துவைக்கும் சின்னச் சர்க்கிட் ஒன்று அதற்குள்ளேயே இருக்கும். அதைக் கழற்றாமல் எஞ்சினுக்குள் வைத்தால், நீ வோல்ற்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது தன் பாட்டுக்கு ஒரே வேகத்தில் போகும். முதல் எஞ்சின் அப்படித்தான் ஸ்டேசனில் நிற்காமல் போய்ச் சுவரில் முட்டியது.

அந்த முதல் எஞ்சின் 591 மனிற்றோபா. 2004 மார்கழியில் பாதி செய்திருந்தேன். 26ஆம் திகதி சுனாமியில் நாவலடிப் பக்கம் நடந்ததைக் கண்ணால் பார்த்தோம். தெற்கே பெரலியவில் கடல் அடித்துக்கொண்டுபோன மாத்தறைக் கோச்சியை இழுத்தது 591தான் என்று பிறகு பேப்பரில் பார்த்தேன். பெட்டியில் போட்டுக் கட்டிவைத்தவன், வருசக்கணக்காகத் திறக்கவில்லை. நம்பரை மாற்றிவிடேன் என்று சிலர் சொன்னார்கள். உண்மையான எஞ்சினைத் திருத்தி அதே நம்பரோடு ஓடவிட்டார்கள். பிறகு நான் மட்டும் ஏன் மாற்ற? அதே நம்பரோடுதான் முடித்தேன்.

கண்ணைப் பற்றிய ஒரு விசயம். கோச்சிப் பெட்டிகளுக்கு அந்தச் செங்காவி நிறத்தை நானே கலந்து பூசினேன் அல்லவா, நீயும் அசல் என்று மெச்சிய மாதிரி ஞாபகம். அதற்குப் பிறகு கலந்து பூசிய ஆறு பெட்டிகளும் ஒப்பரேசனுக்குப் பிறகு பார்த்தால் கத்தரிக்காய் நிறம்! வெண்புரை வரவர உலகம் மஞ்சளாகத் தெரியுமாம், நீலம் மங்கிவிடுமாம். நான் நீலம் போதவில்லை என்று போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். "அம்மப்பா, இது ஊதா" என்று பேரன் மூன்று வருசமாகச் சொன்னான். அவனுக்கு நிறம் சரியாகத் தெரியவில்லை, கண் டொக்டரிடம் காட்டு என்று மகளுக்குச் சொன்னவன் நான்.

வலது கண் இன்னும் பாக்கி. அதை மூடி இடதால் பார்த்தால் ஊதா, இடதை மூடி வலதால் பார்த்தால் செங்காவி. இரண்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க இருந்தேன். உன்னைவிட்டால் வேறு யாரிடம் இதைச் சொல்ல?

கையும் முன்னைப்போல இல்லை. வலது கைப் பெருவிரல் கொஞ்சம் நடுங்குகிறது. பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார்கள். மேசையில் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு, மூச்சை விட்ட பிறகு அடுத்த மூச்சுக்கு முன்னால் ஈயம் வைக்கிறேன். ஒரு நாளைக்கு இருபது கட்டை. முன்பு நூறு.

அதனால்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். 14 அடியில் முழுப் பாதை என்ற கதை முடிந்தது. இனிச் செய்யப்போவது ஒரே இடம்: ஓட்டமாவடிப் பாலம். அதிலும் ஒரு துண்டு, வாழைச்சேனைப் பக்கம். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது கோச்சியும் பஸ்ஸும் மாட்டுவண்டியும் அந்த ஒரே பாலத்தால்தானே போனது. இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புவதில்லை. மன்னம்பிட்டியிலும் அப்படித்தான். அங்கே 2007இல் புதுப் பாலம் வந்த பிறகு பஸ்காரர்களுக்குக் கோச்சிக்குக் காத்திருக்கும் வேலை போய்விட்டது. ஓட்டமாவடியிலும் இப்போது வாகனங்களுக்கு வேறு பாலம். நல்லதுதான், அந்தக் காத்திருப்பில் எத்தனை பேர் திட்டியிருப்பார்கள். நான் செய்ய நினைப்பது அந்தத் திட்டோடு காத்துநிற்கிற ஐந்து நிமிசத்தை. சிவப்பு லேலண்ட் நிற்கிறது, டிரைவர் இறங்கிச் சுருட்டுப் பற்றவைக்கிறார், பின்னால் ஒரு மாட்டுவண்டி, பாலத்தின்மேல் 569 ஒன்டாரியோ வருகிறது. ஓடவே தேவையில்லை. வந்துகொண்டிருந்தால் போதும்.

பேரன் ஒரு யானையையும் கொண்டுவந்து வைத்திருக்கிறான், பிளாஸ்டிக். இந்த மாசியில் கல்லோயாப் பக்கம் மீனகயாக் கோச்சியில் அடிபட்டு ஆறு யானை செத்த செய்தியை ரீவியில் பார்த்ததிலிருந்து அந்த யானையைத் தண்டவாளத்திலிருந்து எடுத்து எடுத்து ஓரத்தில் வைக்கிறான். ஓட்டமாவடிப் பாலத்தில் யானை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இருக்கட்டும். (கல்லோயா என்றதும் உன் மகள் அம்பாறை என்று நினைத்துவிடப் போகிறாள். கோச்சி பிரிகிற கல்லோயாச் சந்தி வேறு, அம்பாறைக் கல்லோயா ஆறு வேறு. அம்பாறைக்குக் கோச்சி இல்லை. கல்முனைக்கு, பொத்துவிலுக்கு நீட்டுவோம் என்ற பேச்சு மட்டும் நம் தலைமுறை முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குத் தண்டவாளமும் தேவையில்லை.)

இனி உன்னிடம் ஒரு காரியம்.

இந்தப் பாலத்துக்கு அடுத்ததாக ஸ்டேசன் பிளாட்போமில் ஒரு துண்டும் செய்யப்போகிறேன். அதில் மாமா நிற்க வேண்டும். உன் அப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது, அந்தப் பிரம்பு வளையத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பிளாட்போம் ஓரத்தில் நிற்கிற நிலைதான். வளையத்தில் தொங்கும் தோல் பைக்குள் டப்லட் இருக்கும். ஒற்றைப் பாதையில் எதிரே வேறு கோச்சி இல்லை என்பதற்கு அந்தத் தட்டுத்தான் அத்தாட்சி, அது கையில் வராமல் டிரைவர் அடுத்த ஸ்டேசனுக்கு எஞ்சினை எடுக்க முடியாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். ஓடுகிற எஞ்சினிலிருந்து கையை நீட்டி டிரைவர் வளையத்துக்குள் முழங்கையை விட்டு இழுப்பார், மாமா ஒரு அடி பின்னால் போய் நிமிர்வார். அந்தப் பின்வாங்குகிற அடிக்காகவே நாங்கள் பள்ளிக்கூடம் பிந்தினோம்.

ஒரு ஆள் செய்திருக்கிறேன். செம்புக் கம்பியில் எலும்பு, மேலே ஈயம், அதன்மேல் பெயின்ற். உயரம் எவ்வளவு என்று யோசித்தபோதுதான் நினைவு வந்தது: எங்கள் இரண்டு பேரையும் ஸ்டேசன் சுவரில் நிறுத்தி உயரம் அளக்கும்போது, தன் உயரத்துக்கும் ஒரு கோடு போட்டு "ஐந்தரை அடி, கோச்சிப் பாதையின் அகலமும் இதுதான்ரா" என்பார். கணக்குப் போட்டால் 22 மில்லிமீற்றர். மாமாவுக்கும் பாதைக்கும் ஒரே அளவுகோலைத்தான் பாவித்தேன்.

ஆனால் வளையத்தை எந்தக் கையில் பிடிப்பார், மச்சான்? என் மனதில் வலது கை. ஆனால் அவர் சோறு தின்பதைத் தவிர மற்ற எல்லாம் இடது கையால் செய்கிறவர் என்று மாமி பேசுவது ஞாபகம் வருகிறது. பாலத்தின் இந்தப் பக்கக் கேற் மரமா, இரும்புக் குழாயா? அதற்கு என்ன நிறம்? கேற் அடியில் நிழலுக்கு நின்ற மரம் பூவரசுதானே? உன்னிடம் இருக்கும் பழைய படங்களைத் தேடு. படம் இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு இருந்து யோசித்து எழுது. கடிதத்திலேயே எழுது, போனில் சொன்னால் மனுசி வாங்கிக் கதைக்கத் தொடங்கிவிடுவாள், எனக்கு மரமும் வராது கேற்றும் வராது.

கையை மட்டும் இன்னும் ஒட்டாமல் வைத்திருக்கிறேன். இரண்டு கையும் செய்து தீப்பெட்டிக்குள் கிடக்கிறது.

பிள்ளைகளுக்கும் மச்சாளுக்கும் எங்கள் அன்பு. குளிர் காலம் தொடங்குவதற்குள் முழங்காலைக் காட்டிவிடு.

இப்படிக்கு,
உன் மச்சான்

பி.கு: அயனை அரிசிக்குள்ளிருந்து எடுத்துவிட்டேன். ஒரு மாதத்தில் ஒரு பொட்டுத் துருகூட இல்லை. இனி அங்கேயே வைப்பதாக எண்ணம், மனுசிக்குச் சொல்லவில்லை.